கனடாவைக் காரில் கடக்கும் குடும்பங்களுக்கு: சிக்கனமான கோடைப் பயணம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ரொறன்ரோவில் வசந்தம் தொடங்கியதும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே காரில் போகலாமா? எவ்வளவு முடியும்?" அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெரியவர்கள் இருவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், சொந்த வான், ஏறக்குறைய நான்கு வாரம், புறப்படும் இடம் ரொறன்ரோ. இதைத்தான் கணக்குக்கு அடிப்படையாக வைத்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் கனேடிய டாலரில். கட்டணங்கள் ஆண்டுக்காண்டு கூடும், குறையும். அதனால் இவற்றை ஓர் அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடா முழுவதையும் ஒரே கோடையில் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முயலவும் வேண்டாம். விக்டோரியாவிலிருந்து செயின்ட் ஜான்ஸ் வரை ஓடும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையின் நீளம் 7,000 கிலோமீட்டருக்கும் மேல். ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு மட்டும், கனடாவுக்குள்ளேயே ஓட்டினால், ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். போக வர 8,800. இதற்கு மேல் கிழக்கே ஹலிஃபக்ஸையும் சேர்த்தால் இன்னொரு 3,600. பிள்ளைகள் விடுமுறை முழுவதும் முன்சீட்டின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கோடைக்கு ஒரு திசை போதும். மேற்கு அல்லது கிழக்கு. மேற்கே போனாலும் வன்கூவரைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. றொக்கி மலைகளோடு திரும்பினால் போக வரச் சுமார் 1,700 கிலோமீட்டர் மிச்சம். அது பெற்றோல் மட்டுமல்ல, மூன்று நான்கு நாள் தங்கும் செலவும்கூட. இந்தப் பயணத்தில் செலவை ஏற்றுவது தூரமும் கடைசி நேரப் பதிவும்தான். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பதைக் குறைத்து எதையும் மிச்சம் பிடிக்க முடியாது.

சரி, மொத்தமாக எவ்வளவு ஆகும்?

வன்கூவர் வரை போய்த் திரும்புவதாகவே கணக்குப் போடுவோம். பக்கவாட்டுப் பயணங்களோடு 10,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு 10 லீற்றர் குடிக்கும் வானுக்கு 1,050 லீற்றர் வேண்டும். லீற்றர் சராசரி 1.45 டாலர் என்றால் 1,520 டாலர். அல்பேர்ட்டாவில் பெரும்பாலும் மலிவாக இருக்கும், வட ஒன்ராறியோவிலும் வன்கூவர் பக்கமும் விலை ஏறும்.

27 இரவுகளில் 18 இரவு கூடாரத்தில், இரவுக்கு 45 டாலர் என்று 810. மீதி 9 இரவு மோட்டலில், இரவுக்கு 170 என்று 1,530. சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 65 என்று 28 நாளுக்கு 1,820. நுழைவுக் கட்டணம், பேருந்து, ஒன்றிரண்டு அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து 500. புறப்படும் முன் எண்ணெய் மாற்ற, டயர், பிரேக் பார்க்க 200. கூட்டினால் 6,380. அதோடு பத்து வீதத்தைத் தொடாமல் ஒதுக்கினால் 7,000 டாலர்.

இதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் மோட்டல் இரவுகளைத்தான் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டல் இரவும் கூடார இரவாக மாறினால் 125 டாலர் கையில் நிற்கும். வழியில் உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. வின்னிபெக்கிலும் கல்கரியிலும் எட்மன்ரனிலும் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒருவராவது இருப்பார். போகும் முன்பே சொல்லி, இரண்டு இரவுக்கு மேல் தங்காமல் கிளம்பினால் உறவும் நன்றாக இருக்கும்.

எப்போது புறப்படுவது நல்லது?

ஒன்ராறியோவில் பள்ளி ஜூன் கடைசியில் முடியும், செப்டம்பர் முதல் திங்களுக்குப் பிறகு திறக்கும். பள்ளி முடிந்த மறுநாளே கிளம்பினால் ஜூலை 1 கனடா தின நெரிசல் வழியில் பிடிக்கும். வட ஒன்ராறியோவில் அந்த நாட்களில் கொசுவும் கறுப்பு ஈயும் கூடுதல். ஜூலை முதல் பாதியில் கல்கரியில் ஸ்டாம்பீட் திருவிழா நடக்கும் பத்து நாளும் விடுதி விலைகள் ஏறிவிடும். அதற்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்தத் தேதிகளில் கல்கரியில் இரவு தங்காமல் இருப்பது நல்லது.

என் விருப்பம் ஜூலை நடுவில் புறப்பட்டு ஆகஸ்ட் நடுவில் திரும்புவது. புல்வெளி மாகாணங்களில் கனோலா வயல்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும் காலம் அது. மலைப்பாதைகளில் பனி விலகியிருக்கும். சுப்பீரியர் ஏரியில் காலையாவது நனைக்கலாம். கியூபெக் வழியாகக் கிழக்கே போகிறவர்கள் ஜூலையின் கடைசி இரண்டு வாரத்தைத் தவிருங்கள். அங்கே கட்டுமானத் தொழிலாளர்களுக்கு விடுமுறை அப்போதுதான், கேம்பிங் இடங்கள் நிரம்பி வழியும்.

எதை எப்போது பதிவு செய்ய வேண்டும்?

கோடைக்கான வேலை குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். பார்க்ஸ் கனடாவின் தேசியப் பூங்காக்களுக்கான பதிவு ஆண்டின் தொடக்க மாதங்களில் பூங்காவுக்கு ஒரு நாளாகத் திறக்கும். பான்ஃப், ஜாஸ்பர் திறக்கும் நாளில் காலையிலேயே கணினி முன்னால் இருக்க வேண்டும். ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களுக்கு முறை வேறு. நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 18 வேண்டுமென்றால் பெப்ரவரி 18.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் றொக்கி மலை இரவுகளைப் பிடியுங்கள், ஏனென்றால் கிடைக்க அரிதானது அதுதான். அந்தத் தேதிகளை வைத்து முன்னும் பின்னும் மற்ற ஊர்களைக் கோருங்கள். மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் வாரநாளில் கடைசி நேரத்திலும் இடம் கிடைக்கும். அவற்றுக்காக முன்கூட்டியே கவலைப்பட வேண்டியதில்லை.

தவறவிட்டவர்களுக்கும் வழி உண்டு. இடங்களைப் பிடித்தவர்கள் ஜூன் மாதத்தில் நிறையக் கைவிடுவார்கள். தினமும் இருமுறை அந்தத் தளத்தைப் பார்த்து வந்தால், ஓரிரவு இங்கே, ஈரிரவு அங்கே என்று பொறுக்கியெடுக்கலாம்.

கூடாரம் எங்களுக்குப் பழக்கமே இல்லையே?

பலருக்கும் இருக்கும் தயக்கம்தான். இந்த நாட்டின் கேம்பிங் இடங்கள் காட்டுக்குள் தனியே விட்டுவிடுவதுபோல இருக்காது. பெரிய பூங்காக்களில் சுடுநீர்க் குளியலறை, கழிவறை, குடிநீர்க் குழாய், உணவு மேசை, தீமூட்டும் வளையம் எல்லாம் இருக்கும். பதிவு செய்யும்போது குளியலறைக்குப் பக்கத்து இடமாகப் பார்த்து எடுத்தால் சிறுபிள்ளைகளோடு இரவில் நடப்பது சுலபம்.

முதலில் ரொறன்ரோவுக்கு அருகே ஒரு வார இறுதியில் பழகிப் பாருங்கள். கூடாரத்தை இருட்டில் விரிக்கப் பழகுவதைவிட, மழையில் மடிக்கப் பழகுவது முக்கியம். பொருட்கள் எல்லாம் புதிதாக வாங்க வேண்டாம். பயன்படுத்திய கூடாரங்கள் மலிவாகக் கிடைக்கும். பணம் போட வேண்டியது தரைக்கும் உடம்புக்கும் நடுவே விரிக்கும் மெத்தைக்குத்தான். றொக்கியில் ஜூலை இரவிலும் குளிர் 5 பாகைக்கு இறங்கும், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

கூடாரமே வேண்டாம் என்பவர்களுக்கு பார்க்ஸ் கனடாவின் ஓடென்டிக் இருக்கிறது. கட்டில், மேசையோடு மரத்தரை போட்ட துணிக்குடில், ஆறு பேர் வரை படுக்கலாம். மோட்டலைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் பூங்காவுக்குள்ளேயே விடியும். நகரங்களில் தங்க இன்னொரு வழி பல்கலைக்கழக விடுதிகள். மாணவர்கள் போன பிறகு கோடையில் அறைகளை வாடகைக்கு விடுவார்கள். வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் ஹலிஃபக்ஸில் டல்ஹவுசியும் இப்படி விடுகின்றன. சமையலறையோடு கூடிய அறை கிடைத்தால் நம் குடும்பத்துக்கு அதுதான் பெரிய வரம்.

சொந்தக் காரா, ஆர்வி வாடகையா, ரயிலா, விமானமா?

நான்கு பேருக்குச் சொந்தக் கார்தான் மலிவு. படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியான ஆர்வி பார்க்க ஆசையாக இருக்கும். வாடகையோடு கிலோமீட்டருக்குத் தனிக் கட்டணம், அதன் மேல் காரைப்போல இருமடங்கு பெற்றோல், கேம்பிங் இடத்துக்கும் கூடுதல் விலை. கூட்டிப் பார்த்தால் காரும் மோட்டலும் சேர்ந்த செலவைத் தாண்டிவிடும்.

ரொறன்ரோவுக்கும் வன்கூவருக்கும் இடையே வாரத்துக்கு இருமுறை ஓடும் 'தி கனேடியன்' ரயில் நான்கு இரவு எடுக்கும். படுக்கை வசதியோடு நால்வர் போனால் நம் வரவுசெலவுக்குள் அடங்காது.

இரண்டே வாரம் விடுமுறை கிடைப்பவர்கள் கல்கரிக்குப் பறந்து, அங்கே காரை வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுப்பது நல்லது. ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் அதற்கென்று தனியாகப் பெரிய தொகை வாங்குவார்கள்.

சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது?

நால்வர் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் ஒரு நாளுக்கே 150 டாலர் போய்விடும். அதனால் இரண்டு எரிவாய் உள்ள புரோப்பேன் அடுப்பு, நல்ல கூலர், சின்ன ரைஸ் குக்கர், இவை மூன்றும் ஏறாமல் வான் நகரக் கூடாது. மோட்டல் இரவுகளிலும், மின்சாரம் உள்ள கேம்பிங் இடங்களிலும் ரைஸ் குக்கர் பருப்பையும் சோற்றையும் தந்துவிடும்.

ஸ்காபரோவிலிருந்தே கொண்டுபோக வேண்டியவை: வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், பருப்பு, புளி, தேங்காய்ப்பால் மா, டின்மீன். கருவாடு மட்டும் வேண்டாம். கருவாட்டு வாசனைக்குக் கரடி வரும் என்பதை விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாளுக்குக் கட்டுச்சோறும் மாலுப் பாணும் போதும். மூன்றாம் நாளிலிருந்து அடுப்பு. சிற்றூர்ப் பலசரக்குக் கடைகளில் எல்லாமே விலை அதிகம், தண்டர் பே, வின்னிபெக், ரெஜைனா போன்ற நகரங்களில் நிறுத்திக் கூலரை நிரப்பிக்கொள்ளுங்கள். அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, கூட்டாட்சி வரி 5 வீதம் மட்டும்தான். போர்வை, காலணி போன்று எதையாவது வாங்க நினைத்திருந்தால் அங்கே வாங்கலாம்.

வழியெங்கும் சீக்கியர்களின் குருத்வாராக்கள் இருக்கின்றன. வின்னிபெக், ரெஜைனா, கல்கரி, சறே என்று பெரிய நகரங்களில் எல்லாம் லங்கர் உணவு யாருக்கும் இலவசம். தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ரொட்டியும் பருப்பும் சாப்பிடலாம். உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள், பாத்திரம் கழுவ ஒரு கை கொடுங்கள். பிள்ளைகள் இதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வட ஒன்ராறியோ வெறும் காடுதானே, இரவும் பகலும் ஓட்டிக் கடந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்லுவேன். பெரும்பாலான குடும்பங்கள் இந்த 2,000 கிலோமீட்டரைக் கஷ்டமான பகுதியாக நினைத்து, இரண்டு பேர் மாறி மாறி ஓட்டி ஒரே மூச்சில் தாண்டுகிறார்கள். பயணத்தின் மிக மலிவான, மிக அழகான பகுதியை அப்படித்தான் இழக்கிறார்கள். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி சுப்பீரியர். அதன் கரையோடு ஓடும் 17ஆம் நெடுஞ்சாலைக்கு நிகராக நான் பார்த்த சாலைகள் மிகக் குறைவு. இங்கே கடற்கரை போன்ற மணலில் கூடாரம் போடலாம்.

ரொறன்ரோவிலிருந்து சூ செயின்ட் மரி 700 கிலோமீட்டர். அங்கிருந்து தண்டர் பே இன்னொரு 700. அதை மூன்று நாளாகப் பிரியுங்கள். சூவைத் தாண்டியதும் சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்கா வரும். அதில் அகாவா பே கேம்பிங் இடம் நீர்க்கரையிலேயே இருக்கிறது. பக்கத்தில் அகாவா பாறையில் அனிஷினாபே பழங்குடி மக்கள் செங்காவியால் வரைந்த ஓவியங்கள்: கொம்பும் முதுகில் முட்களும் கொண்ட மிஷிபெஷு என்ற தொன்ம விலங்கு, தோணிகள். செங்குத்தான குறும்பாதையில் இறங்கி, நீரை ஒட்டிய பாறை விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். அலை அடிக்கும் நாளில் சிறுபிள்ளைகளோடு அந்த விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

வாவாவில் இரும்பு வாத்துச் சிலை, வைட் ரிவரில் கரடிக்குட்டிச் சிலை. 1914இல் ஒரு படை அதிகாரி 20 டாலருக்கு வாங்கி, தன் ஊரான வின்னிபெக்கின் பெயரால் வின்னி என்று அழைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன குட்டி அது. பிறகு மரத்தன் ஊருக்குப் பக்கத்தில் புகஸ்க்வா தேசியப் பூங்கா. அதற்கப்பால் நிப்பிகன் ஆற்றுப் பாலம். 2016 ஜனவரியில் இந்தப் பாலத்தின் தளம் தூக்கிக்கொண்டபோது, கனடாவுக்குள் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சாலையே அறுந்துபோனது. வேறு வழி இல்லாத இடம் அது என்று பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டுங்கள்.

தண்டர் பேக்குச் சற்று முன்பு ரெரி பொக்ஸ் நினைவிடம். ஒரு காலைப் புற்றுநோய்க்கு இழந்த அந்த இளைஞர், 1980 ஏப்ரலில் செயின்ட் ஜான்ஸிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் இந்த இடத்தருகே நிறுத்தினார். நம் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டம்பரும் பள்ளியில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். அந்த மேட்டில் நின்று, தாங்கள் காரில் வந்த தூரத்தை அவர் காலால் கடந்ததை நினைக்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். காசு எதுவும் வாங்குவதில்லை. ஊரைத் தாண்டி அரை மணி நேரத்தில் 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ககபெக்கா அருவி, வண்டி நிறுத்தும் கட்டணம் மட்டும்தான்.

எச்சரிக்கை ஒன்று. பெரும்பகுதி இருவழிச் சாலை, வேக எல்லை 90. மாலை மங்கியதும் மூஸ் என்ற பெரிய மான்கள் சாலைக்கு வரும், அவற்றின் கால்கள் உயரம் என்பதால் உடம்பு நேராக முன்கண்ணாடியில் மோதும். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். பெற்றோல் பாதி இறங்கியதும் நிரப்புங்கள். கைபேசி பல இடங்களில் வேலை செய்யாது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

மனிற்றோபா, சஸ்காச்சுவான் எப்படி?

இங்கே வேகமாகப் போகலாம், சாலையும் அகலம், வேக எல்லை 110 வரை. வின்னிபெக்கில் இரண்டு ஆறுகள் சேரும் 'தி ஃபோர்க்ஸ்' பகுதியில் ஒரு மாலை கழியுங்கள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அதே ஊரிலுள்ள மனித உரிமை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அல்பேர்ட்டாவுக்குள் நுழைந்ததும் நேராக மலைக்கு ஓடாமல் டிரம்ஹெல்லர் பக்கம் திரும்புங்கள். ராயல் டிரெல் அருங்காட்சியகத்தில் இருக்கும் டைனோசர் எலும்புக்கூடுகள் நுழைவுக் காசுக்கு முழுப் பெறுமதி.

பான்ஃப் பக்கம் காசு கரைகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் கரைய வேண்டியதில்லை. காசை விழுங்குவது கொண்டோலா என்ற கம்பிவண்டி, ஸ்கைவோக் என்ற கண்ணாடித்தள நடைபாதை, பனியாற்றின் மேல் ஓட்டும் பேருந்து போன்றவை. மலைகளைப் பார்க்க இவை எதுவும் தேவையில்லை. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீட்டர் நீளும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பாதையில் ஒவ்வொரு வளைவும் ஒரு காட்சி. நுழைவுச் சீட்டு மட்டும் போதும். நடுவே ஒரே ஒரு பெற்றோல் நிலையம், விலையும் அதிகம், கிளம்பும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். 2024 ஜூலைத் தீயில் ஜாஸ்பர் ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. அந்த ஊருக்கு விருந்தினர் தேவை, தங்குமிடம் கிடைத்தால் போங்கள்.

மொறெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் போக 2023 முதல் அனுமதி இல்லை. பார்க்ஸ் கனடாவின் பேருந்தில் போகலாம். பெரியவருக்கு எட்டு டாலர் அளவில், 17 வயது வரை இலவசம். இருக்கைகளில் ஒரு பகுதி வசந்தத்திலும், மீதி பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்கும் திறக்கும். அதே சீட்டில் லேக் லூயிஸுக்கும் போய்வரலாம், அங்கே ஏரிக்கரையில் கார் நிறுத்த ஒரு நாளுக்கு 35 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள்.

என்னைக் கேட்டால், பக்கத்து யோஹோ பூங்காவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். மரகதம் போன்ற எமரால்ட் ஏரியும் டக்ககாவ் அருவியும் அங்கேதான். பான்ஃபில் இடம் கிடைக்காதவர்கள் கோல்டன் அல்லது ரேடியம் ஊர்களில் தங்கினால் விலை குறையும். வன்கூவர் வரை போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கப்பிலானோ தொங்குபாலத்துக்கு நால்வருக்கு ஆகும் காசில் இரண்டு நாள் சாப்பிடலாம். லின் கனியன் தொங்குபாலம் இலவசம்.

பூங்கா அனுமதிச் சீட்டில் எதை வாங்குவது?

தேசியப் பூங்காக்களில் 17 வயது வரை நுழைவு எப்போதும் இலவசம். ஒரு காரில் ஏழு பேர் வரை செல்லுபடியாகும் குடும்ப டிஸ்கவரி பாஸ் 150 முதல் 170 டாலர் வரை. பூங்காக்களில் ஒரு வாரம் இருந்தாலே அதன் விலை வந்துவிடும், பிறகு ஓராண்டு முழுவதும் பயன்படும். ஆனால் வாங்கும் முன் அந்த ஆண்டு அரசு சலுகை அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 கோடையில் கனடா ஸ்ட்ராங் பாஸ் திட்டத்தில் ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை எல்லாருக்கும் நுழைவு இலவசம், கேம்பிங் கட்டணத்திலும் 25 வீதம் தள்ளுபடி இருந்தது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களும், நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்தாண்டு தாண்டாதவர்களும் கனூ என்ற செயலியில் பதிந்தால் அருங்காட்சியகங்கள் பலவற்றில் இலவசமாக நுழையலாம்.

அல்பேர்ட்டாவின் கனனாஸ்கிஸ் பகுதிக்கு இந்தச் சீட்டு செல்லாது. அங்கே வண்டிக்கு நாளொன்றுக்கு 15 டாலர் தனியாகக் கட்ட வேண்டும்.

அமெரிக்கா வழியாகப் போனால் மலிவா?

பெற்றோல் மலிவு, சாலையும் அகலம். ஆனால் காரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அமெரிக்காவுக்குள் நுழையும் உரிமை இருக்க வேண்டும். கனேடியக் கடவுச்சீட்டு இல்லாத ஒருவர் இருந்தால் விசா கேள்வி வரும். அப்புறம், அந்த வழியில் சுப்பீரியரின் வடகரை கிடையாது. மருத்துவக் காப்புறுதியும் தனியாக எடுக்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிப்போகலாமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். அவர்களின் காப்புறுதி மற்ற மாகாணங்களிலும் செல்லுமா, ஏற்கனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா என்று தாளை வாசித்துப் பாருங்கள். நமக்கும்கூட ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளி மாகாணத்தில் எல்லாவற்றையும் கொடுக்காது. ஆம்புலன்ஸ் கட்டணம் நம் தலையில்தான் விழும், கியூபெக்கில் மருத்துவர் முதலில் காசு கேட்கலாம். குடும்பமாக எடுக்கும் பயணக் காப்புறுதி பெரிய செலவில்லை.

முதியவர்களோடு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். அவர்களைத் தரையில் படுக்க வைக்காமல் ஓடென்டிக் அல்லது மோட்டல் எடுங்கள். மருந்துகளை நாட்கணக்கோடு மேலதிகமாக ஒரு வாரத்துக்கும் கொண்டுபோங்கள்.

காட்டுத்தீப் புகை வந்தால்?

வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 2023இல் கனடாவில் ஒரு கோடியே ஐம்பது இலட்சம் ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. தினமும் காலையில் கனடாவின் காற்றுத்தரச் சுகாதாரக் குறியீட்டைப் (AQHI) பாருங்கள். 7ஐத் தாண்டினால் பிள்ளைகளோடு மலையேறுவதை விடுங்கள், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அதற்கு முன்பே. என்95 முகக்கவசம் ஒரு பெட்டி வானில் இருக்கட்டும். சாலை மூடியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு மாகாணத்தின் 511 சேவையிலும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிரைவ் பிசி தளத்திலும் அறியலாம்.

தீத்தடை இருக்கும் நாட்களில் விறகு எரிக்க முடியாது, சமையல் அடுப்புக்கும் சில வேளைகளில் கட்டுப்பாடு வரும். விறகை வீட்டிலிருந்து ஏற்றிப்போகாதீர்கள். மரங்களைக் கொல்லும் பூச்சிகள் அதன்மூலம்தான் புதிய காடுகளுக்குப் பரவுகின்றன.

கரடிக்குப் பயமாக இருக்கிறது.

கரடிக்கு வேண்டியது உங்கள் சோறுதான். சமைத்து முடித்ததும் பாத்திரம், கூலர், பற்பசை, நாய்த்தீனி எல்லாவற்றையும் வாகனத்துக்குள் வைத்துப் பூட்டுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூடக் கூடாது. தேசியப் பூங்காவில் இதை மீறினால் அபராதம் உண்டு. நடைபாதையில் பேசிக்கொண்டே, பிள்ளைகளை நடுவில் விட்டு, கூட்டமாக நடங்கள்.

கிழக்கே போனால் எதைப் பார்ப்பது?

முதல் முறை போகிறவர்களுக்கு நான் கிழக்கைத்தான் சொல்லுவேன். ஹலிஃபக்ஸ் 1,800 கிலோமீட்டர்தான், மூன்று வாரம் தாராளம். கியூபெக்கின் மாகாணப் பூங்காக்களிலும் 17 வயது வரை நுழைவு இலவசம். ஃபண்டி விரிகுடாவில் கடல்மட்டம் 16 மீற்றர் வரை ஏறி இறங்கும், ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே இடத்தை இருமுறை பாருங்கள்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போகும்போது காசில்லை, திரும்பும்போதுதான் கட்டணம். பாலத்தின் கட்டணம் படகைவிடக் குறைவு. அதனால் நோவா ஸ்கோஷியாவின் கரிபூவிலிருந்து படகில் போய், திரும்பும்போது 12.9 கிலோமீட்டர் நீளக் கன்ஃபெடரேஷன் பாலத்தால் வாருங்கள். கடல் பயணம் இலவசமாகக் கிடைத்துவிடும். 2025 ஆகஸ்டில் பாலக் கட்டணத்தை 20 டாலராகக் குறைத்தார்கள்.

நியூபவுண்ட்லாந்து செலவு கூடிய இடம். நோர்த் சிட்னியிலிருந்து படகில் ஏழு மணி நேரம், இறங்கிய பிறகு செயின்ட் ஜான்ஸுக்கு 900 கிலோமீட்டர். ஆனாலும் தமிழர்களுக்கு அந்தக் கரையோடு ஓர் உறவு உண்டு. 1986 ஆகஸ்டில் நம்மவர்கள் 150க்கும் மேற்பட்டோர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அந்தக் கடலில் தத்தளித்தார்கள். உள்ளூர் மீனவர்கள்தான் அவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். பிள்ளைகள் இதைப் பாடப்புத்தகத்தில் படிக்கப் போவதில்லை. ஒரு மாதம் கையில் இருந்தால், கிழக்குப் பயணத்தை அதுவரை நீட்டுங்கள்.

பாதி வழியில் திரும்ப வேண்டி வந்தால் காசெல்லாம் போய்விடுமா?

எல்லாம் போகாது. தீயாலோ வெள்ளத்தாலோ பூங்கா மூடப்பட்டால் முழுத்தொகையும் திருப்பித் தருவார்கள். நீங்களாகக் கைவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மோட்டல்களை ரத்துசெய்யக்கூடிய விலையிலேயே எடுங்கள், ஐந்து பத்து டாலர் கூடினாலும் பரவாயில்லை.

புறப்படும் முன்பே திரும்பும் இடங்களைக் குறித்து வையுங்கள். மேற்குப் பயணத்தில் தண்டர் பேயும் வின்னிபெக்கும் அப்படிப்பட்டவை. அங்கே வந்ததும் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கையிலிருக்கும் காசு மிச்சத் தூரத்துக்குப் போதுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். போதாது என்றால் தண்டர் பேயிலிருந்து திரும்பி, சுப்பீரியர் கரையில் இன்னும் ஒரு வாரம் கூடாரம் போடுங்கள். மீதிக் காசைப் பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த கோடையில் கல்கரிக்குப் பறந்து மலைகளைப் பார்க்கலாம்.